ரிப்போர்ட்டில் இல்லாத கிருமி

சீழைப் பரிசோதனைக்குக் கொடுத்தவர்களுக்கு இரண்டு நாள் கழித்து ஒரு தாள் வரும். பல நேரம் அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: ‘கிருமி வளர்ச்சி இல்லை’. வீட்டார் அதைப் படித்துவிட்டு, ‘கிருமியே இல்லையாம்’ என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். புண் மட்டும் ஆறாது. கட்டைப் பிரிக்கும்போது வார்டே நாறும். விரல் கறுக்கும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது எங்கள் பக்கத்தில் நிறையக் குடும்பங்களுக்குத் தெரியும்.

நான் அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் நுட்புநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர் சங்ககிரி. அந்த வரி எப்படி உருவாகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. அதைத் திருத்தப் பெரிய செலவும் இல்லை. இந்த இரண்டையும் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சீழ் வந்து சேர்ந்ததும் முதல் வேலை, அதில் ஒரு துளியைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, கிராம் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் எண்ணெய் லென்ஸை வைத்துப் பார்ப்பது. சர்க்கரைப் புண்ணின் ஆழத்திலிருந்து வந்த சீழாக இருந்தால் ஒரே வட்டத்துக்குள் நாலைந்து ரகம் தெரியும். வெளிர்சிவப்பில் மெல்லிய குச்சிகள், இரண்டு முனையும் கூர்த்த ஊசிகள், ஊதா நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள். எண்ண முடியாத அளவுக்குக் குவிந்து கிடக்கும். அதே சீழை ரத்த அகார் பிளேட்டிலும் மெக்காங்கி பிளேட்டிலும் இழுத்து 37 டிகிரி இன்குபேட்டரில் வைப்போம். மறுநாள் காலை திறந்தால் பிளேட் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அதற்கு மறுநாளும் அப்படியே. முந்தாநாள் கண்ணால் பார்த்த அத்தனையும் எங்கே போயின? காற்றுப் பட்டுச் செத்துப்போயின.

ஆக்சிஜன் இல்லாமல் வாழும் உயிர் உண்டு என்று லூயி பாஸ்டர் 1861இல் கண்டபோது, அன்றைய விஞ்ஞானிகள் நம்பவே தயங்கினார்கள். நம் உடம்போ அந்த உயிர்களின் பெரிய ஊர். பெருங்குடலில் காற்றில்லாக் கிருமிகளின் எண்ணிக்கை, காற்றில் வளரும் கிருமிகளைப்போல நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை. பல் ஈறின் இடுக்கிலும் அவைதாம் அதிகம். இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரை அவை நமக்கு நல்லதே செய்கின்றன. குடல்வால் வெடித்தாலோ, ஈறில் இருந்தது தூக்கத்தில் நுரையீரலுக்கு இறங்கினாலோ, காதுச் சீழ் மூளைவரை போனாலோ, பிரசவத்துக்குப் பின் கருப்பையில் புகுந்தாலோ, ரத்த ஓட்டம் குறைந்த பாதத்தில் ஒரு ஆணி குத்தினாலோ அவற்றின் குணம் மாறிவிடும். புண்ணுக்குள் முதலில் போய்ச் சேரும் சாதாரணக் கிருமிகள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. அங்கே செத்துக் கிடக்கும் சதையில் காற்றில்லாக் கிருமிகள் குடியேறுகின்றன. ஒன்று இடம் பண்ணிக் கொடுக்க, மற்றது பெருகுகிறது. அழுகல் வாடை இவற்றின் அடையாளம்.

ஒரு டிரைவரின் மனைவி என்னிடம் கேட்டதை நான் மறக்கவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “ஏனுங்கக்கா, ஒண்ணுமே இல்லைன்னு போட்டிருக்குதுங்க. அப்பறம் எப்படிங்க இந்த நாத்தம் வருது?” என்றாள். அவள் எட்டாவதுவரை படித்தவள். ஆனால் நுண்ணுயிரியல் பேராசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தருவதும் அதேதான்: வாடை இருந்து, ஸ்லைடில் கிருமி தெரிந்து, பிளேட்டில் வளராவிட்டால் காற்றில்லாக் கிருமியைத் தேடு. “நீ கேக்கறது சரிதான் கண்ணு, டாக்டர்கிட்ட இதையே கேளு” என்று சொல்லி அனுப்பினேன்.

தேடுவது எப்படி? முதலில், சீழைப் பஞ்சுக் குச்சியில் எடுக்கக் கூடாது. மேலாகத் தடவி எடுத்த பஞ்சில் தோல் கிருமிதான் வரும், வழியிலேயே காய்ந்துவிடும். ஆழத்திலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி, உள்ளேயிருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு, முனையை மூடி உடனே ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். தாமதமாகும் என்றால் ராபர்ட்சன் ஊடகத்தில் போடலாம். வெந்த இறைச்சித் துணுக்குகள் அடியில் கிடக்கும் குழாய் அது. அதன் ஆழத்தில் ஆக்சிஜன் இருக்காது. பிறகு பிளேட்டில் இழுத்து, காற்றுப் புகாத குடுவைக்குள் அடுக்கி, ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் பிரித்துப் போட்டு மூட வேண்டும். உள்ளே மெத்திலீன் நீலம் தோய்ந்த ஒரு துண்டு வைப்போம். நீலம் வெளுத்தால் ஆக்சிஜன் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு குறைந்தது 48 மணி நேரம் திறக்கக் கூடாது. சில கிருமிகளுக்கு ஐந்து நாளுக்கு மேலும் பொறுக்க வேண்டும். பிளேட்டில் 5 மைக்ரோகிராம் மெட்ரோனிடசோல் மருந்து வில்லை ஒன்றை வைத்திருப்போம். அதைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டம் விழுந்தால், பிடித்தது காற்றில்லாக் கிருமி என்பதற்கு அதுவே முதல் சாட்சி. இந்தக் குடுவையின் மூலவடிவம் 1916இலேயே வந்துவிட்டது. மெக்கின்டாஷ், ஃபில்டஸ் என்ற இருவரின் பெயரால் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. டிப்ளமோ படிக்கும் பிள்ளைகள் படம் வரைந்து மார்க் வாங்குகிறார்கள். நோயாளியின் சீழுக்கு அது தினசரி திறந்து மூடப்படுகிற இடம் மிகக் குறைவு. வேலூர் சி.எம்.சி., சண்டிகர் பி.ஜி.ஐ. மாதிரி பெரிய நிறுவனங்களில் முறையாக நடக்கிறது. தாலுகா மருத்துவமனையிலும் டவுன் லேபிலும் ‘கல்ச்சர்’ என்று சொன்னால் காற்றில் வளர்ப்பது மட்டும்தான்.

இதன் விளைவு வெற்றுத் தாளோடு நிற்பதில்லை. பல புண்களில் ஈ.கோலை போன்ற ஒன்றாவது பிளேட்டில் வளர்ந்துவிடும். ரிப்போர்ட்டில் அதன் பெயரும், ‘அமிகாசின் கேட்கும், ஜென்டாமைசின் கேட்கும்’ என்ற பட்டியலும் வரும். அதைப் பார்த்து ஊசி எழுதுகிறார்கள். இந்த வகை மருந்துகள் கிருமியின் உடலுக்குள் நுழைவதற்கே ஆக்சிஜனைக் கொண்டு நடக்கும் ஒரு வேலை தேவை. காற்றில்லாக் கிருமிக்குள் அவை நுழையவே நுழையாது. அமிகாசின் எத்தனை நாள் போட்டாலும் அழுகலின் பாதிப் பங்காளியைத் தொடாது. வளர்ந்த கிருமிக்குச் சரியான ரிப்போர்ட், வளராத கிருமியைப் பற்றி மௌனமாக இருந்து நோயாளியைத் தவறான திசையில் அனுப்பிவிடுகிறது.

‘அதற்குத்தான் மெட்ரோ போடுகிறோமே’ என்பார்கள் டாக்டர்கள், மெட்ரோனிடசோலைச் சுருக்கி. உண்மைதான், போடுகிறார்கள். அறுவைப் பிரிவில் மெட்ரோ பாட்டில் தொங்காத கட்டிலைக் காண்பது அரிது. அந்த மருந்தின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியால் வரும் வெள்ளைப்படுதலுக்காக 1950களின் கடைசியில் பிரான்ஸில் உருவாக்கினார்கள். அந்த நோய்க்காக இங்கிலாந்தில் ஒரு பெண் இதைச் சாப்பிட்டபோது, அவளுடைய ஈறு அழற்சியும் சேர்ந்து குணமானது. டேவிட் ஷின் என்ற பல் மருத்துவர் அதைக் கவனித்து 1962இல் எழுதினார். அந்த ஒருவரின் கவனிப்பிலிருந்துதான், காற்றில்லாக் கிருமிகளைக் கொல்ல உலகத்துக்கு மலிவான, நம்பகமான மருந்து கிடைத்தது. அது வேலை செய்யும் விதமும் அழகு. ஆக்சிஜன் உள்ள இடத்தில் சும்மா இருக்கும். ஆக்சிஜன் இல்லாத கிருமிக்குள் போனதும்தான் உருமாறி அதன் மரபிழையை அறுக்கும்.

அந்த மருந்தைத்தான் இப்போது இழந்துகொண்டிருக்கிறோம். பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் என்ற குடல் கிருமி, நீண்டநாள் மெட்ரோனிடசோல் சாப்பிட்ட ஒரு நோயாளியிடம் அந்த மருந்தை எதிர்த்து நின்றதை 1978இல் லான்செட் இதழில் பதிவு செய்தார்கள். கிருமி இதை எப்படிச் செய்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. ‘நிம்’ என்று பெயரிட்ட மரபணுக்கள், மருந்து விஷமாக மாறுவதற்கு முன்பே அதை வேறு வழியில் மாற்றித் தீங்கற்றதாக்கிவிடுகின்றன. இந்த மரபணுக்கள் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. ‘சிஎஃப்ஐஏ’ என்ற இன்னொரு மரபணு இருந்தால், கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மெரோபெனமும் இமிபெனமும் பலிக்காமல் போகலாம். கிளிண்டாமைசின் இந்தக் கிருமிக் குடும்பத்தில் பல நாடுகளில் ஏற்கெனவே மதிப்பிழந்துவிட்டது.

2013இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவமனையில் ஒரு முதியவருக்குப் பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் தொற்று கண்டார்கள். மெட்ரோனிடசோல் கேட்கவில்லை. இமிபெனமும் கேட்கவில்லை. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதைத் தன் வாராந்தர அறிக்கையில் வெளியிட்டது. அவர் அங்கே வருவதற்கு முன் இந்தியாவில் மருத்துவமனையில் இருந்து சிகிச்சை பெற்றவர். சியாட்டிலில் குடுவை இருந்ததால் அந்தக் கிருமி பிடிபட்டது. மெட்ரோனிடசோலை எதிர்க்கும் பாக்டீராய்ட்ஸ், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்னும் நூற்றுக்கு ஒன்றிரண்டைத் தாண்டவில்லை என்கிறார்கள். அவர்கள் எண்ணுகிறார்கள், அதனால் சொல்ல முடிகிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் எவ்வளவு என்று என்னைக் கேட்டால், பிளேட்டில் வளர்க்காத கிருமிக்கு நான் எப்படிக் கணக்குச் சொல்வேன்?

மருந்து எதிர்ப்பைப் பற்றித் தமிழ்நாடு பேசாமல் இல்லை. 2010இல் என்.டி.எம்.-1 என்ற மருந்து எதிர்ப்பைப் பற்றிய கட்டுரை லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தபோது, அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. 2012இல் இந்தியாவின் மருத்துவச் சங்கங்கள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ செய்ததும் நம் தலைநகரில்தான். 2014 மார்ச்சில் மருந்து விற்பனைக்கான எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று நோட்டில் எழுத வேண்டும். இவை எல்லாம் நல்ல காரியங்கள். செய்தவர்களுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் பேச்சு முழுக்க ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்று காற்றில் வளரும் கிருமிகளைச் சுற்றியே நடந்தது. எச்1 பட்டியலில் மெட்ரோனிடசோல் இல்லை. சீட்டோடுதான் விற்க வேண்டும் என்ற பழைய விதி மட்டும் அதற்கு உண்டு. அந்த விதி எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று எந்த மருந்துக் கடை வாசலிலும் பத்து நிமிஷம் நின்றால் தெரியும்.

சங்ககிரி லாரி ஊர். பக்கத்தில் திருச்செங்கோடு, அங்கே ஆழ்துளை போடும் ரிக் வண்டிகள். அப்பால் நாமக்கல், அங்கே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். ஆண்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு வகையில் வண்டியோடு கட்டுண்டவர்கள். வடக்கே லோடு ஏற்றிப் போகிறவருக்கு வழியில் வயிற்றால் போனால் வண்டியை நிறுத்த முடியாது. “அண்ணா, வயித்தக் கட்டுற மாதிரி ரெண்டு மாத்திர குடுங்க” என்பார். கிடைப்பது பெரும்பாலும் ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் ஒன்றாய்ச் சேர்ந்த மாத்திரை. ஆர்னிடசோல் மெட்ரோனிடசோலின் தங்கை; ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் மற்றதற்கும் வரும். தண்ணீராய்ப் போகும் பேதியில் பெரும்பகுதி மருந்தில்லாமலேயே இரண்டு மூன்று நாளில் நிற்கும். வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல். அந்த இரண்டு மாத்திரை பேதியை நிறுத்தியதோ இல்லையோ, குடலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீராய்ட்ஸுக்கு அரைகுறையாக மருந்து காட்டிவிட்டுப் போகிறது. சாகாமல் தப்பியது அங்கேயே பெருகும். பிறகொரு நாள் அதே மனிதருக்குக் குடல்வால் வெடிக்கும்போது வயிற்றுக்குள் கொட்டுவது அதுதான். மத்திய அரசு 2016இல் 344 கலவை மருந்துகளைத் தடை செய்தது. வழக்குகளுக்குப் பிறகு 2018இல் 328. பேதிக்கு விற்கும் இந்தக் கலவை மாத்திரைகள் இன்றும் எல்லாக் கடையிலும் உண்டு. இவற்றையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கால். 2023இல் வெளியான ‘ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப்’ என்ற ஆய்வின்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். வண்டி ஓட்டும் தொழிலில் உட்கார்ந்தே இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது பலருக்குப் பழக்கம். மரத்துப்போன பாதத்தில் இன்ஜின் சூட்டில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. டயர் மாற்றும்போது கம்பி குத்தினாலும் தெரியாது. தெரிந்தாலும், லோடு இறக்கி ஊர் திரும்பும்வரை ஒரு பிளாஸ்திரியோடு ஓடும். சர்க்கரை நோயில் கால் எடுக்கப்பட்டவர்களில் 100க்கு 85 பேருக்கு அது ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்கியது. ஊருக்கு வந்து சேரும்போது புண் எலும்பைத் தொட்டிருக்கும். காற்றில்லாக் கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.

அப்படி வருகிறவருக்கு வாரக்கணக்கில் மெட்ரோனிடசோல் எழுதப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நீண்ட நாள் சாப்பிட்டால் அந்த மருந்தே கைகால் நரம்பை மரக்கச் செய்யும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள செய்தி. ஏற்கெனவே மரத்த காலுக்கு மேலும் மரப்பு. இன்னொன்றும் உண்டு. பிப்பரசிலின்–டாசோபாக்டம், மெரோபெனம், அமாக்சிசிலின்–கிளாவுலனேட் ஆகியவை தாமே காற்றில்லாக் கிருமியையும் கொல்லக்கூடியவை. அவற்றோடு சேர்த்து மெட்ரோவும் தொங்கவிடுவது பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒரே வேலைக்கு இரண்டு மருந்து. நோயாளிக்கு வாந்தியும் வாய்க்கசப்பும்தான் மிச்சம். கிருமிக்கோ பழகிக்கொள்ள இன்னொரு வாய்ப்பு.

எவ்வளவு நல்ல மருந்தும் ரத்தம் ஓடாத சதைக்குள் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். செத்த சதையை வெட்டி எடுத்து, சீழைச் சர்ஜன் திறந்துவிடுவதுதான் முதல் சிகிச்சை. மருந்து அதற்குத் துணை. ‘கத்தி வேண்டாம், மாத்திரையிலேயே ஆத்திக் குடுங்க’ என்று கெஞ்சுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நாலு நாள் தள்ளிப்போட்டால் வெட்ட வேண்டிய இடம் மேலே ஏறும். தோலை அழுத்தும்போது உள்ளே நறநறவென்று காற்று நொறுங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அது வாயு அழுகலாக இருக்கலாம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வேலை.

அந்தக் கிருமியை எங்கள் பக்கத்து விவசாயிக்கு வேறு பெயரில் நன்றாகத் தெரியும். மேச்சேரி ஆடு வளர்க்கிறவர்களைத் துள்ளுமாரி பற்றிக் கேளுங்கள். கொழுத்த குட்டி சாயந்திரம் மேய்ந்து வந்து, காலையில் துள்ளி விழுந்து செத்துக் கிடக்கும். குடலில் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் விஷம் கக்கியதால் வந்த சாவு. மாட்டுக்கு வரும் சப்பை நோயும் இன்னொரு கிளாஸ்ட்ரிடியம்தான். தொடை வீங்கி, அழுத்தினால் நறநறக்கும். இரண்டுக்கும் கால்நடைத் துறை மழைக்கு முன்னால் தடுப்பூசி போடுகிறது. ஜனங்களும் ஓட்டிக்கொண்டு போய்ப் போட்டுக்கொள்கிறார்கள். செத்த மாட்டைத் தோலுரிக்காமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்ற அறிவும் இருக்கிறது. மண்ணில் கிடக்கும் அதன் வித்து ஆண்டுக்கணக்கில் சாகாது என்பதை எங்கள் ஆட்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மனிதர்களிலும் ஒரு காற்றில்லாக் கிருமியை நாம் தடுப்பூசியால் அடக்கியிருக்கிறோம். ரண ஜன்னி. இந்தியாவில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை பச்சைக் குழந்தைகளுக்கு அது வந்துகொண்டிருந்தது. கர்ப்பிணிக்கு ஊசி, தொப்புள்கொடி வெட்டச் சுத்தமான பிளேடு, மருத்துவமனைப் பிரசவம் என்று கிராம செவிலியர்கள் வீடு வீடாக நடந்து செய்த வேலையால், தாய்–சேய் ரண ஜன்னி ஒழிந்தது என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. நம் நாட்டின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்றாக அதை நான் நினைக்கிறேன். பாக்டீராய்ட்ஸுக்கு அப்படி ஊசி கிடையாது. அது நம் குடலிலேயே குடியிருப்பது. ஒழிக்கவும் முடியாது, கூடாது. மருந்தைக் காப்பாற்றுவது ஒன்றுதான் வழி.

மருந்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளையும் பேசாமல் விட முடியாது. கோழிக் குடலையும் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் அரிக்கும். அதைத் தடுக்கத்தான் பாசிட்ராசின் போன்ற மருந்துகளைத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் வந்தது. 2019இல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற மருந்தைத் தருவதை மத்திய அரசு தடை செய்தது. அது பெரிய முடிவு. நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. நோய் வராத கோழிக்குத் தினமும் தீவனத்தில் கொடுப்பதை நிறுத்த வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது; கொட்டகைச் சுத்தம், படுக்கை ஈரம், தீவன மாற்றம் பற்றிப் பண்ணையாளருக்குச் சொல்லித் தர அவர்களைவிடத் தகுதியானவர் யாருமில்லை.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். காற்றில்லாக் கல்ச்சர் செய்ய வசதியில்லாத ஒவ்வொரு ஆய்வகமும், அரசோ தனியாரோ, சீழ் ரிப்போர்ட்டின் கீழே ஒரு வரியைக் கட்டாயம் அச்சிட வேண்டும்: ‘காற்றில் வளரும் கிருமிகளுக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. காற்றில்லாக் கிருமிகளுக்குச் சோதிக்கவில்லை.’ அதற்கு மேலே, ஸ்லைடில் என்ன தெரிந்தது என்பதையும் எழுத வேண்டும். ஸ்லைடில் நாலு ரகம், பிளேட்டில் ஒன்றுமில்லை என்று இரண்டும் ஒரே தாளில் இருந்தால் எந்த டாக்டருக்கும் பொறி தட்டும். கம்ப்யூட்டரில் ஒரு வரி சேர்க்க ஐந்து நிமிஷம். மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.

அதோடு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை மையமாக வைத்து, சுற்றியுள்ள மாவட்டங்களுக்குத் தினசரி காற்றில்லாக் கல்ச்சர் சேவை ஒன்றை நடத்த வேண்டும். 2022இல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் அதில் சேரலாம். ஆண்டுக்கு ஒரு முறை எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் கேட்கவில்லை என்று வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு வந்தால்தான் மெட்ரோவை எங்கே நம்பலாம், எங்கே நிறுத்தலாம் என்று டாக்டர்கள் முடிவு செய்ய முடியும்.

இதற்குச் சில டாக்டர்கள் சொல்லும் மறுப்பில் நியாயம் உண்டு. காற்றில்லாக் கல்ச்சர் முடிவு வருவதற்குள் நாலைந்து நாள் ஆகும். அதற்குள் சிகிச்சை பாதி முடிந்திருக்கும். எல்லாச் சீழுக்கும் செய்வது வீண் என்பார்கள். எல்லாச் சீழுக்கும் செய்யச் சொல்லவில்லை. மூளைச் சீழ்க்கட்டி, ரத்தத்தில் தொற்று, எலும்பு, மூட்டு, உடம்புக்குள் உலோகம் வைத்த இடம், மருந்து கொடுத்தும் அடங்காத புண் — இவற்றுக்குச் செய்தாக வேண்டும். உலகமெங்கும் உள்ள வழிகாட்டுதலும் அதுதான். மற்றவற்றில் மாதத்துக்குக் கொஞ்சம் மாதிரிகளைக் கணக்கெடுப்புக்காக எடுத்தால் போதும். ‘மெட்ரோ எப்போதும் கேட்கும்’ என்ற காலத்தில் கணக்கில்லாமல் ஓட்ட முடிந்தது. சியாட்டில் செய்தி வந்த பிறகும் அப்படியே ஓட்டுவது சரியில்லை.

குடுவை பெரிய விலையுள்ள பொருள் அல்ல. தொடர்ந்து ஆகும் செலவு பொட்டலத்துக்கும் நல்ல ஊடகத்துக்கும்தான். அதைவிட முக்கியம் ஆள். சேலம், நாமக்கல், ஈரோடு சுற்றியுள்ள பாராமெடிக்கல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் எத்தனையோ பெண்பிள்ளைகள் லேப் டெக்னீஷியன் படித்து வெளியே வருகிறார்கள். தறிக்கூடத்துக்குப் போகும் அம்மாவும் லாரி ஓட்டும் அப்பாவும் கடன் வாங்கிப் படிக்க வைத்தவர்கள். கையில் நிதானமும் கண்ணில் கூர்மையும் உள்ளவர்கள். அவர்களில் பலர் ஒரு பாக்டீராய்ட்ஸ் காலனியைக்கூட நேரில் பார்க்காமல் சான்றிதழ் வாங்குகிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் சிலரைத் தேர்ந்தெடுத்து, வேலூர் போன்ற இடத்தில் சில வாரம் உட்காரவைத்துப் பழக்குங்கள். சிரிஞ்சில் வந்த சீழை எப்படி வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது, குடுவையை எப்போது திறக்கக் கூடாது, நீலம் வெளுக்காவிட்டால் எங்கே கசிகிறது என்று பார்ப்பது எப்படி — இதெல்லாம் கையால் செய்து கற்க வேண்டியவை. கற்றுத் தர ஓய்வு பெற்ற எங்களைக் கூப்பிட்டாலும் வருகிறோம். சங்ககிரியிலிருந்து சேலத்துக்கு விடிகாலையிலிருந்தே பஸ் இருக்கிறது.